துண்டுக்குள் பேசிய விலை

ஓணம் விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்த மறுநாள் குப்பண்ணனின் வழக்கு வந்தது.

பாலக்காட்டில் வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டின் வராந்தாவில் அவரும் மனைவி சுப்பாத்தாளும் சுவரோரம் நின்றார்கள். பெஞ்சுகளில் இடமில்லை. ஊன்றுகோல்கள், கட்டுப்போட்ட கால்கள், எக்ஸ்ரே உறைகள். ஒரு ஜில்லாவின் ரோடுகளில் அடிபட்டவர்களெல்லாம் ஒரே வராந்தாவுக்கு வந்து சேர்ந்தது போலிருந்தது. குப்பண்ணன் வலது கையைத் தோள்துண்டின் முனையில் சுருட்டி வைத்திருந்தார்.

"உள்ள போயி வீராப்புப் பேசாதீங்க," என்றாள் சுப்பாத்தாள். பஸ் ஏறியதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். அப்போதுதான் படியேறி வருகிற கற்பகத்தைப் பார்த்தார்.

கற்பகம் நல்லேப்பிள்ளிக்காரி. கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஆடி மாசத்தில், மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டி, வேலந்தாவளம் சந்தைக்கு ஒரு செவலைப் பசுவைக் கொண்டு வந்தாள். அதை விற்றுக் கொடுத்த தரகர் குப்பண்ணன்தான். இன்றைக்கு நல்ல சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஷிஜு என்கிற பையன் வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் விசாரித்துக் கொடுப்பது அவன் வேலை.

"என்னுங்கண்ணா, பயந்துட்டீங்களாட்ட இருக்குது," என்று கற்பகம் சிரித்தாள். "இந்தத் தம்பிதான் காருல கூட்டிட்டு வந்துச்சு. நீங்க பழையபடி யாவாரம் பண்றீங்க, கையில ஒரு கொறையும் இல்லீன்னு சாட்சி சொல்லோணுமாமா. அதுக்கென்ன, தாராளமாச் சொல்லிப்போடறேன்."

சுப்பாத்தாள் வாயைத் திறந்தாள். ஷிஜு அதற்குள் கற்பகத்தைத் தள்ளிக் கூட்டிப்போய் ஒரு ஜன்னலோரம் நிறுத்திவிட்டான். அங்கிருந்தும் அவள் குப்பண்ணனைப் பார்த்துத் தைரியமாக இருங்கள் என்பது போலத் தலையசைத்தாள்.

கார் அவர் மேல் மோதியது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து வளைவில், இரண்டு வருஷத்துக்கு முன்னால். சந்தை முடிந்து டி.வி.எஸ். வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த கார் லாரியை முந்தியது. கார்க்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார், அதில் வம்பில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன, மோதிர விரல் மடங்காது, அதிலும் வம்பில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனிமேல் அவர் தன் தொழிலைச் செய்ய முடியுமா என்பதுதான் வழக்கு.

அவருடைய வக்கீல் ஜானவி கல்பாத்திக்காரி, சின்ன வயசு. முதல் நாளே அவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தாள். மெடிக்கல் போர்டு போட்டுக் கொடுத்த சதவீதம் கையின் ஊனம். கோர்ட்டில் கேட்க வேண்டியது தொழிலின் ஊனம். ஒரு வாத்தியாருக்கு இதே இரண்டு விரல் போனால் இடது கையில் சாக்பீஸ் பிடித்துப் பழகிக்கொள்வார். மாட்டுத் தரகருக்கு அப்படியில்லை என்று காட்டிவிட்டால் போதும், சட்டம் நம் பக்கம்.

மாட்டுத் தரகருக்கு அப்படியில்லைதான். வேலந்தாவளத்தில் மாட்டு விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. வாய்விட்டுச் சொன்ன விலை சந்தைக்கே பொதுவாகிவிடும், அப்புறம் அடுத்த மாட்டுக்கும் அதையே பிடித்துத் தொங்குவார்கள். விற்கிறவர் பக்கத்துத் தரகரும் வாங்குகிறவர் பக்கத்துத் தரகரும் வலது கையை நீட்டுவார்கள், மேலே துண்டு விழும். உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஆள்காட்டி விரல் ஒன்று. நடுவிரலையும் சேர்த்தால் இரண்டு. அழுத்திப் பிடித்தால் ஒரு கணக்கு, நுனியைக் கிள்ளினால் வேறொரு கணக்கு. முகம் எதையும் காட்டாது. இடது கையை நீட்டக் கூடாது. நீட்டினால் மாட்டுக்கு ஆகாது என்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் சந்தையில் அவர் கையை நீட்டினார். பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் துண்டுக்குள் தடவிப் பார்த்தார். கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார். அதற்கப்புறம் விலை பேச அவருக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

ஆனால் சந்தையில் அதை யாரும் வெளியே சொல்லவும் இல்லை. அங்கே யாவாரம் எப்படி என்று கேட்டால் நல்ல ஓட்டந்தான் என்றுதான் பதில். தொழில் படுத்துவிட்டது என்று ஒருவன் தன் வாயால் சொன்னால் அடுத்த வாரம் அவன் கையில் மாட்டுக் கயிறு கொடுக்க மாட்டார்கள். இன்னொருத்தனைப் பற்றி அப்படிச் சொல்வது அவன் சோற்றில் மண் போடுவது. ஷிஜு மாடு வாங்க வந்தவன் மாதிரி வந்து, குப்பண்ணன் இப்போதும் கை வைக்கிறாரா என்று கேட்டபோது, சந்தையே ஒரே குரலில் பேசியது. அவருக்கென்ன, முன்னைக்கு இப்போது இன்னும் ஜோர் என்றார்கள். டீக்கடைக்காரர், விரல் ரெண்டு கொறைஞ்ச பொறகு தரகும் ரெண்டு மடங்காயிப் போச்சு என்று கேலி வேறு பேசினார். குப்பண்ணனும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் சிரித்துக்கொண்டு, "பின்ன, கை வெக்காம?" என்றார்.

ஷிஜுவின் போனில் பேச்சும் படமும் ஏறியது எவருக்கும் தெரியவில்லை.

வழக்கு கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜானவி வந்தாள். எதிர்த்தரப்பு கொடுத்த வீடியோவின் நகலைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். ஒரு நிமிஷம்கூட வராத படம். நடுவில் செவலைப் பசு, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி கற்பகம். குப்பண்ணன் கையை நீட்டுகிறார். எதிரே கந்தப்பன் என்கிற தரகர் நீட்டுகிறார். துண்டு விழுகிறது. இருவர் முகமும் கல் மாதிரி இருக்கிறது. துண்டு எழுகிறது. கந்தப்பன் பசுவின் நெற்றியில் தட்டுகிறார். மாடு விற்றாயிற்று.

"தொழில் போயிடுத்துன்னு சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுத்திருக்கோம்," என்றாள். "இது என்ன?"

"யாவாரமுங்க."

"அப்போ கேஸ் இல்லை, கேட்டேளா. கையோட சதவீதத்துக்கு ஏதோ தருவா. வாங்கிண்டு போகலாம்." போனை அணைத்தாள். "துண்டுக்குள்ள என்ன நடந்ததுன்னு எங்கிட்டயாவது சொல்லுங்கோ. எதுவானாலும் சரி, எனக்குத் தெரியணும்."

சுப்பாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு மாடாவது கைகூடுகிறதே என்று அவள் மாகாளியம்மனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருஷமாக அடுத்தவர் வயலில் நாற்று நடப் போகிறாள். முட்டி வீங்கி, காலை மடக்கி உட்கார முடியாமல் ஆகிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒருநாள் வரப்பிலேயே விழுந்து கிடந்தாள்.

குப்பண்ணன் சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று பெஞ்சு கிளார்க் சொன்னார். கற்பகம் வெளியேதான் நின்றாள், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கூண்டு நன்றாகத் தெரியும், பேசுவதும் கேட்கும்.

கம்பெனியின் வக்கீல் சாம்பசிவன் அறுபது தாண்டியவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. குப்பண்ணனுக்கு மலையாளம் தெரியுமென்றாலும் தமிழிலேயே கேட்கிறேன் என்று நீதிபதியிடம் அனுமதி வாங்கினார். உட்கார வேண்டுமானால் உட்காரலாம் என்றார். குப்பண்ணன் நின்றார்.

வீடியோவைப் போட்டார்கள். நீதிபதி அதை இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"இதுல இருக்கறது நீங்கதானே?" என்றார் சாம்பசிவன்.

"நானுதானுங்க."

"துண்டுக்குள்ள இருக்கறது உங்க வலது கை."

"ஆமாங்க."

"மாடு வித்துதா?"

"வித்துச்சுங்க."

"தரகு கிடைச்சுதா?"

"கெடச்சுதுங்க."

"அப்போ தொழில் நடக்கறது."

குப்பண்ணன் ஜானவியைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் கற்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று அவள் உதடு அசைந்தது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில்தானே வேண்டும் என்கிற முகம்.

நடக்குதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை. சொல்லிவிட்டால் சந்தை அப்படியே இருக்கும். அடுத்த வாரமும் கந்தப்பன் கை நீட்டுவான். நல்லேப்பிள்ளியிலிருந்து வருகிறவர்கள் மாட்டுக் கயிற்றை அவரிடமே கொடுப்பார்கள். சுப்பாத்தாள் விடிந்ததும் நடவுக்குப் போவாள்.

"சொல்லுங்கோ," என்றார் சாம்பசிவன். "நடக்கறதா, இல்லையா?"

"அது யாவாரமில்லீங்க."

"பின்னே?"

"கைய வெச்சதோட செரிங்க. உள்ள வெலை பேசலீங்க."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அப்படியானால் விலை எப்படி முடிந்தது என்று நீதிபதி மலையாளத்தில் கேட்டார்.

குப்பண்ணன் சொன்னார். சந்தைக்குப் போகும் வழியில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருக்கிறது. மாடு சந்தைக்குள் போகுமுன்னே கந்தப்பன் அங்கே வருவான். இன்ன விலை என்பான். குப்பண்ணன் சரியென்பார். அப்புறம் இருவரும் தனித்தனியாகச் சந்தைக்குள் போவார்கள். மாட்டைச் சுற்றி வந்து பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள். துண்டு போட்டுக் கை வைப்பார்கள். துண்டுக்குள் கந்தப்பன் அவர் மணிக்கட்டைச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்களுக்கு அது விலை பேசுவது மாதிரியே இருக்கும். வாரத்துக்கு ஒரு மாட்டுக்கு அப்படிச் செய்வது. குப்பண்ணன் தொழிலை விட்டுவிட்டார் என்று பேர் வராமலிருக்க, கந்தப்பனாகப் பார்த்துச் செய்கிற உபகாரம். முன்பு குப்பண்ணனும் அவனுக்குச் சில உதவிகள் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முடித்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரப்படவில்லை.

"கந்தப்பன் யாருக்குத் தரகர்?"

"வாங்கறவங்களுக்குங்க."

"நீங்க?"

"விக்கறவங்களுக்குங்க."

"விக்கறவாளுக்காக ஏத்திக் கேக்க வேண்டியது நீங்க. கேட்டேளா?"

"கேக்கலீங்க."

"ஏன்?"

"கேட்டா அடுத்த வாரம் கந்தப்பன் கை குடுக்க மாட்டானுங்க."

நீதிபதி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். குப்பண்ணன் மலையாளத்தில் சொன்னார். டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டாள். சாம்பசிவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்போ அந்த ஸ்திரீயை ஏமாத்தி தரகு வாங்கியிருக்கேள். அவளை ஏமாத்தினவர் இன்னிக்கு கோர்ட்டை ஏமாத்தல்லைன்னு எப்படி நம்பறது?"

ஜானவி எழுந்து ஆட்சேபித்தாள். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார், சாட்சி விருப்பமிருந்தால் பதில் சொல்லட்டும் என்றார்.

"அந்தம்மாள ஏமாத்துனது நெசந்தானுங்க," என்றார் குப்பண்ணன். "கையி இருந்திருந்தா ஏமாத்தியிருக்க மாட்டனுங்க."

சாம்பசிவன் தன் கேஸ் கட்டை மூடினார். வேறு கேள்வியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஜானவி ஒன்றே ஒன்று கேட்டாள்: கையைக் காட்ட முடியுமா? குப்பண்ணன் துண்டை அவிழ்த்துக் கையைக் கூண்டின் கட்டை மேல் வைத்தார். நீதிபதி எட்டிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். மோதிர விரலை மடக்கச் சொன்னார். அது அசையவில்லை. அதையும் எழுதினார். கம்பெனி தரப்புச் சாட்சி உண்டா என்று கேட்டார். சாட்சி வந்திருக்கிறார், ஆனால் விசாரிக்கத் தேவையில்லை என்றார் சாம்பசிவன். வாதத்துக்கு அடுத்த மாதம் ஒரு தேதி போட்டார்கள். அடுத்த வழக்குக்காரர் ஊன்றுகோலோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

வராந்தாவில் ஜானவி தாழ்ந்த குரலில் பேசினாள். நீதிபதி நம்பினது மாதிரித்தான் தெரிகிறது, நல்லதாக வரும் என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காலம்பறயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருக்கலாமுங்க."

அவள் அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுப்பாத்தாள் அவரிடம் வந்தாள். அவிழ்ந்து கிடந்த துண்டை எடுத்து உதறி அவர் தோளில் போட்டாள்.

கற்பகம் ஜன்னலடியிலேயே நின்றாள். ஷிஜுவைக் காணோம். காரும் இல்லை. சாட்சி வேண்டாமென்று ஆனபிறகு அவளைத் திருப்பிக் கொண்டுவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுப்பாத்தாள்தான் பக்கத்தில் போனாள்.

"வா கற்பகம். பஸ்ஸுல போயிக்கலாம்."

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கற்பகம் நாலடி பின்னால் வந்தாள். குப்பண்ணன் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைத்தாள். கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் பெண்கள் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. குப்பண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றார். இடது கையால் பிடித்திருந்தார். டிக்கெட்டுக்கு அவர் பையில் கைவிடுமுன் கற்பகம் தன்னுடையதைத் தனியாக வாங்கிக்கொண்டாள்.

சித்தூர் தாண்டியது. இருபுறமும் கதிர் வாங்கிய நெல் வயல்கள். சுப்பாத்தாள் எதையாவது பேச வேண்டுமென்று, மகள் காலேஜுக்கு எப்படிப் போய் வருகிறாள் என்று கேட்டாள். பஸ்ஸில்தான் என்றாள் கற்பகம். பால் எப்படி என்று கேட்டாள். இப்போது ஒரு மாடுதானே என்றாள். சுப்பாத்தாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குப்பண்ணன் செவலையை நினைத்தார். இரண்டாம் ஈற்று. மடி நாலும் சமம், சுழி சுத்தம். டெம்போவிலிருந்து இறங்கும்போதே அதன் விலை அவருக்குத் தெரிந்துவிட்டது. புளியமரத்தடியில் கந்தப்பன் சொன்னது அதற்கு வெகு கீழே. அவர் சரியென்றார். கற்பகம் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நல்லேப்பிள்ளியில் பஸ் நின்றது. கற்பகம் எழுந்தாள். சுப்பாத்தாளிடம், "வர்றனுங்கக்கா," என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படி வரைக்கும் போனாள், இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற முகமாகத்தான் இருந்தது. சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கண்டக்டர் தகரத்தைத் தட்டினார்.

"உங்க கையி நல்லா இருந்திருந்தா, எம்பட செவலைக்கு என்ன வெலை வாங்கியிருப்பீங்கண்ணா?"